தண்ணீர் கட்டி வைத்திருக்கும் வெண்மணல்

உச்சி வெயிலில் பாலைவன மணல்மேட்டின் மேல் வெறுங்காலோடு ஏறலாம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஏறலாம். மரமில்லை, நிழலில்லை, வெயில் தலையைப் பிளக்கிறது. காலுக்குக் கீழே மட்டும் மணல் குளிர்ந்து கிடக்கிறது. மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து கையால் சற்றுத் தோண்டினால் ஈரம் தட்டுப்படுகிறது. பாலைவனம் என்றதும் நம் மனதில் எழும் சித்திரம் அந்த ஈரம் விரலில் பட்ட நொடியிலேயே குலைந்துவிடுகிறது.

காரணம், இது நாம் பழகிய மணல் இல்லை. ஆற்றுப்படுகையிலும் தார் பாலைவனத்திலும் சஹாராவிலும் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் துகள். இங்கே இருப்பது ஜிப்சம். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது நம் விவசாயிகள் மூட்டை மூட்டையாக வாங்கி இடுகிறார்களே, அதே ஜிப்சம். சிமென்ட் ஆலைக்குப் போவதும், எலும்பு முறிந்தால் மாவுக்கட்டாக மாறுவதும் அதுதான். அள்ளிப் பார்த்தால் கோலமாவை அள்ளியதுபோல் இருக்கிறது. அதன் வெண்மை வெயிலை உள்வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அடியில் இருக்கும் ஈரமும் சூட்டை ஏறவிடுவதில்லை. இப்படிப்பட்ட மணல் சுமார் 710 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய ஜிப்சம் மணல்வெளி இதுதான். இதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பூங்காவுக்குள் வருகிறது. மீதி, அமெரிக்க ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளத்துக்குள்.

ஜிப்சம் தண்ணீரில் கரையும். மழை பெய்தால் கரைந்து, ஓடையோடு சேர்ந்து, ஆற்றில் இறங்கி, கடலுக்குப் போய்விடும். மணலாகக் குவிந்து நிற்பதற்கு அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. உலகில் ஜிப்சம் மணல்மேடுகள் அபூர்வமாக இருப்பது இதனால்தான். தண்ணீரில் கரைகிற பொருள், தண்ணீரால் பிறந்து, தண்ணீராலேயே நிலைத்து நிற்கும் இடம் இது. பகல் முழுக்க இங்கே சுற்றியபோது, பார்த்தவை அனைத்தும் கடைசியில் அந்தத் தண்ணீரிடமே என்னைக் கொண்டுபோய் விட்டன.

ஆறு இல்லாததால் வந்த வரம்

கதை சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்குகிறது. அப்போது இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. கடல் ஏறி இறங்கி வற்றியபோதெல்லாம் ஜிப்சம் படுகை படுகையாகப் படிந்தது. பிறகு நிலம் உயர்ந்தது. மிகப் பிந்தி, சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலமேலோடு இழுபட்டு விரிசல் கண்டபோது, நடுப்பகுதி கீழே இறங்கியது. அதுதான் இன்றைய துலரோசா பள்ளம். மேற்கே சான் ஆண்ட்ரெஸ் மலை, கிழக்கே சாக்ரமென்டோ மலை. இரண்டிலும் பழைய கடலின் ஜிப்சம் பாறையாக உட்கார்ந்திருக்கிறது.

மழை அந்தப் பாறையைக் கரைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குகிறது. வேறு எங்காவது இருந்திருந்தால் ஓர் ஆறு அதை வாரிக்கொண்டு போயிருக்கும். துலரோசா பள்ளத்திலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்த நீர் உள்ளேயே நின்றது. பனியுகத்தில் அது ஓடெரோ என்று இன்று நாம் அழைக்கும் பெரிய ஏரியாக விரிந்திருந்தது. பனியுகம் முடிந்து தட்பவெப்பம் மாறி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏரி வற்றியது. நீர் ஆவியாக, கரைந்திருந்த ஜிப்சம் படிகமாகக் கட்டியது. செலினைட் எனப்படும் இந்தப் படிகங்கள் தேன் நிறத்தில் இருக்கும். மூன்றடி நீளத்துக்கு வளர்ந்தவையும் உண்டு. பழைய ஏரியின் மிச்சமான லூசெரோ ஏரியின் கரையில் இன்றும் அவற்றைக் காணலாம்.

அதற்குப் பிறகு வேலை வெயிலுக்கும் உறைபனிக்கும் காற்றுக்கும். படிகம் வெடித்துச் சில்லாகிறது, சில்லு துகளாகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் காற்று துகளைத் தூக்கி வடகிழக்கே போடுகிறது. உருண்டு மோதி உடம்பெங்கும் கீறல் விழுந்த துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. தேன் நிறம் போய்ப் பளீர் வெள்ளை வந்துவிடுகிறது.

சரி, அந்தக் காற்று இன்னும் வீசிக்கொண்டுதானே இருக்கிறது? இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் மணல் முழுவதையும் அது ஏன் அடித்துக்கொண்டு போகவில்லை? நிலத்தடி நீர் விடவில்லை. மேடுகளுக்கு இடையிலான தரையில் சில அடி ஆழத்திலேயே நீர் நிற்கிறது. அந்த ஈரம் மேல்நோக்கி ஊறி மணலின் அடிப்பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே காய்ந்த மணலை மட்டுமே காற்றால் நகர்த்த முடிகிறது. ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும் ஊரில், 60 அடி உயர மேடுகளைக்கூடத் தாங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாத இந்தத் தண்ணீர்.

காலையில் போனவர்கள்

டெக்ஸாஸின் எல் பாசோ விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். லாஸ் குரூசெஸ் சுமார் 84 கிலோமீட்டர், அலமகோர்டோ சுமார் 24 கிலோமீட்டர். புறப்படும் முன் பூங்காவின் இணையதளத்தைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். பக்கத்துத் தளத்தில் ஏவுகணைச் சோதனை நடக்கும் நாட்களில் சாலையை மூன்று மணி நேரம் வரைகூட மூடிவிடுவார்கள். திரும்பி லாஸ் குரூசெஸ் பக்கம் போகிறவர்களை நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி நிறுத்தும். நம்மவர்கள் பாஸ்போர்ட்டும் விசா காகிதங்களும் கையில் வைத்திருப்பது நல்லது.

வாசலில் உள்ள பார்வையாளர் மையம் மண் செங்கல்லால் கட்டியது. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தில் எழுந்த கட்டடம். தடித்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. தண்ணீர் இங்கே மட்டும்தான். இதைத் தாண்டினால் பூங்காவுக்குள் குழாய் கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டராவது நிரப்பிக்கொள்ளாமல் காரை எடுக்கக் கூடாது.

இந்த இடம் இன்று பூங்காவாக இருப்பதற்கு அலமகோர்டோவில் காப்பீட்டுத் தொழில் செய்த டாம் சார்லஸ் என்பவரின் பிடிவாதம் ஒரு காரணம். இந்த மணல்வெளியைக் காக்க வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் எழுதிப் பேசி அலைந்தார். 1933 ஜனவரி 18 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். சார்லஸே அதன் முதல் காப்பாளர் ஆனார். தேசியப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது மிகவும் தாமதமாக, 2019 டிசம்பர் 20-இல்.

உள்ளே போகும் சாலை 13 கிலோமீட்டர். தொடக்கத்தில் தார் போட்டிருக்கிறார்கள். இருபுறமும் செடி கொடி பற்றிய தாழ்ந்த மேடுகள். போகப் போகப் பச்சை குறைகிறது. பிறகு தாரும் முடிந்து, இறுகிய ஜிப்சத்தின் மேலேயே கார் ஓடுகிறது. சாலையும் மேடும் ஒரே நிறம். காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை இயந்திரம் வைத்து ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இங்கே பத்து நிமிடம் நிற்க முடியாது. வெயில் மேலிருந்து மட்டுமின்றிக் கீழிருந்தும் அடிக்கிறது. தாடைக்கு அடியிலும் காதுமடலுக்குப் பின்னாலும் தோல் கருகிப்போகும்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் சறுக்கு. வட்டமான பிளாஸ்டிக் தட்டை மையக் கடையில் விற்கிறார்கள். அடியில் மெழுகு தேய்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஜிப்சம் இழுத்துப் பிடித்துவிடும். செடியோ சாலையோ கீழே இல்லாத சரிவாகப் பார்த்து, உச்சியில் உட்கார்ந்து கையை உதறினால் சர்ரென்று இறங்கலாம். சேலை கட்டிய பாட்டிமாரும் இறங்கலாம், ஆபத்தில்லை. மீண்டும் மேலே ஏறுவதற்குத்தான் மூச்சு வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம் என்பது அப்போது தெரியும். நடக்க முடியாதவர்களையும் இந்த இடம் ஒதுக்கவில்லை. மேடுகளுக்கு நடுவே போய்வரச் சுமார் 600 மீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும்.

வெளுத்துப்போன பல்லிகள்

சறுக்கு முடிந்ததும் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் பார்வையில் அதன்பிறகுதான் பூங்காவே தொடங்குகிறது. டியூன் லைஃப் என்ற சிறு நடைவழி ஒன்றரை கிலோமீட்டர்தான். மெதுவாக நடந்து, தரையைப் பார்த்தால் போதும்.

யுக்கா என்றொரு செடி. நாம் பார்ப்பது அதன் தலையை மட்டும். மணல் ஏற ஏற அது தண்டை நீட்டி இலைகளை மேலே தூக்கிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஓரடி வரைகூட வளரும். உயரம் குறைந்த செடிபோல் மேட்டின் உச்சியில் நிற்பதன் உடம்பு முழுக்க மணலுக்குள் புதைந்திருக்கும். மேடு நகர்ந்து போய்விட்டால் அந்த நீண்ட தண்டு தன் பாரத்தைத் தானே தாங்காமல் சரிந்துவிடுகிறது. வேறு சில புதர்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. வேரால் மணலை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் பட்ட ஜிப்சம் வேரைச் சுற்றி இறுகிக் கெட்டிப்படுகிறது. மேடு விலகிய பின்னும் புதர் தன் காலடி மண்ணோடு தூண்போல் நிற்கிறது. அந்தத் தூணுக்குள் பொந்து வைத்துக் குடியிருப்பது உடல் சிறுத்த கிட் நரி.

பல்லிகளின் கதை இதைவிட வியப்பு. துலரோசா பள்ளத்தின் மற்ற பகுதிகளில் பழுப்பாக இருக்கும் மூன்று பல்லி இனங்கள் இங்கே வெளுத்துப் போயிருக்கின்றன. வெள்ளை மணலில் பழுப்புப் பல்லி பறவையின் கண்ணுக்குத் தப்பாது அல்லவா? உயிரியலாளர் எரிகா ப்ரீ ரோசன்ப்ளம் குழுவினர் ஆராய்ந்தபோது, மூன்று இனங்களிலும் நிறத்தை ஆளும் ஒரே மரபணுவில் மாற்றம் நேர்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் மூன்றிலும் வெவ்வேறு மாற்றம். ஒரே விடைக்கு மூன்று பேரும் தனித்தனி வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மணல்மேடுகளுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்பதை நினைத்தால், பரிணாமம் இங்கே எத்தனை வேகமாக ஓடியிருக்கிறது என்பது புரியும். அந்துப்பூச்சிகளும் அப்படியே. 2007 முதல் இங்கே இரவில் விளக்கு வைத்துத் தேடிய பூச்சியியலாளர் எரிக் மெட்ஸ்லர், அதுவரை அறிவியல் அறியாத 40-க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டெடுத்தார்.

வேலிக்கு அப்பால் இருக்கும் ஏவுகணைத் தளம் வேறு உலகம். 1945 ஜூலை 16 அன்று மனிதன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த டிரினிட்டி இடம், பூங்காவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து பூமியை எடுத்த முதல் படமும் 1946-இல் இந்தத் தளத்திலிருந்து கிளம்பிய வி-2 ராக்கெட்டில் எடுத்ததே. 1982 மார்ச் 30-இல் கொலம்பியா விண்கலம் அந்தத் தளத்தில்தான் தரையிறங்கியது. புழுதிக்காற்றால் ஒரு நாள் தள்ளிப்போன இறக்கம் அது. மணலில் வெடிக்காத குண்டு, உலோகத் துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் பூங்காக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் ஒரு தாய்

பூங்காவின் ஆகப் பெரிய செல்வத்தைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்க முடியாது. ஓடெரோ ஏரியின் பழைய சேற்றுக்கரையில் மனிதக் காலடிகள் பதிந்து கிடக்கின்றன. எண்ணிலடங்காத தடங்கள்: மனிதர்கள், மாமத் யானைகள், நிலத்தில் வாழ்ந்த ராட்சத ஸ்லாத் விலங்குகள், ஒட்டகங்கள், ஓநாய்கள். தரையின் ஈரம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும்போது மட்டும் அவை கண்ணுக்குத் தெரிகின்றன, காய்ந்தால் மறைந்துவிடுகின்றன. ஆவித் தடங்கள் என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். பூங்காவின் டேவிட் பஸ்டோஸ், பிரிட்டனின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பென்னட் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் இதில் உழைத்தது.

2021-இல் வந்த அவர்களது முடிவு தொல்லியல் உலகைக் கலக்கியது. தடங்கள் இருந்த மண்ணடுக்குகளில் கிடைத்த நீர்ச்செடி விதைகளைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று வந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதன் வந்து 13,000 ஆண்டுகள்தான் என்று நீண்ட காலம் பாடம் சொல்லப்பட்டு வந்த இடம் அது. நீர்ச்செடி பழைய கரிமத்தை உறிஞ்சி வயதைக் கூட்டிக் காட்டும் என்று எதிர்ப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆய்வாளர்களும் கோபப்படாமல் திரும்ப வேலையில் இறங்கினார்கள். நிலத்தில் வளர்ந்த மரங்களின் மகரந்தத்தைப் பிரித்தெடுத்து ஒரு கணிப்பு, குவார்ட்ஸ் துகள் கடைசியாக வெயில் பார்த்த காலத்தை அளந்து இன்னொரு கணிப்பு. 2023-இல் இரண்டும் ஏறக்குறைய அதே வயதைத்தான் சொல்லின. 2025-இல் வேறொரு குழு ஏரிச் சேற்றைக் கணித்தபோதும் அதே விடை.

என் மனதில் தங்கிவிட்டது வேறொரு தடம். 2020-இல் பென்னட் குழு வெளியிட்ட ஆய்வு அது. 10,000 ஆண்டுகளுக்கும் முன்பு, ஓர் இளம்பெண், அல்லது பதின்பருவத்தவர் ஒருவர், இந்தச் சேற்றில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேகமாக, நேர்கோட்டில் நடந்திருக்கிறார். இடுப்பில் குழந்தை. எப்படித் தெரியும்? ஒரு பக்கத்துக் காலடி மட்டும் பாரத்தால் அகன்று வழுக்கியிருக்கிறது. இடையிடையே குழந்தையின் சிறு காலடிகள் பக்கத்தில் முளைக்கின்றன. கை மாற்றவோ மூச்சு வாங்கவோ கீழே இறக்கி விட்டிருக்கிறார். திரும்பி வரும் தடமும் அதே வழியில் இருக்கிறது. அதில் குழந்தை இல்லை. எங்கோ, யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறார். போனதற்கும் வந்ததற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஒரு மாமத் அந்தத் தடத்தைக் கவனிக்காமல் மிதித்துக் கடந்திருக்கிறது. ஒரு ராட்சத ஸ்லாத் நின்று, பின்னங்காலில் எழுந்து, மோப்பம் பிடித்திருக்கிறது. அம்மாவாகவோ அக்காவாகவோ இருந்த அந்தப் பெண்ணின் அவசரம் இத்தனை ஆயிரம் ஆண்டு கழித்தும் சேற்றில் படிக்கக் கிடைக்கிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காற்று மேல்மண்ணை அரிக்க அரிக்க இந்தத் தடங்கள் வெளிப்படுகின்றன. வெளிப்பட்டதும் சில காலத்தில் அழிந்தும் போகின்றன. அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆல்கலி ஃப்ளாட்

பூங்காவின் நீண்ட நடைவழி ஆல்கலி ஃப்ளாட். போய்வர 8 கிலோமீட்டர். பெயரைக் கேட்டுச் சமதளம் என்று இறங்கிவிடக் கூடாது. மேட்டுக்கு மேடு ஏறி இறங்கி, பழைய ஏரிப்படுகையின் விளிம்பைத் தொடும் வழி அது. வழி காட்டுவது மணலில் நட்ட சிவப்புக் குச்சிகள் மட்டும். காற்று வீசினால் நம் காலடி அழிந்துவிடும். எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும். வெப்பம் 85 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் நடக்கத் தொடங்காதீர்கள் என்று பூங்கா எச்சரிக்கிறது. அதாவது 29 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி மதியத்துக்கே இருக்கும் வெப்பம்தானே என்று நம்மவர்கள் துச்சமாக நினைக்கக்கூடும். நினைக்க வேண்டாம். இங்கே வியர்வை வழிவதே இல்லை, வந்த கணமே காய்ந்துவிடுகிறது. உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்பது தெரிவதற்குள் தலை சுற்றிவிடும்.

2015 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதி, ஒன்பது வயது மகனோடு இந்த வழியில் நடக்கப் புறப்பட்டார்கள். அன்று வெயில் 38 டிகிரி செல்சியஸ். கையில் இருந்தது இரண்டு சிறு பாட்டில் தண்ணீர். வழியில் முடியாமல் போகத் தாய் மட்டும் திரும்பினார். காரை எட்டுவதற்குள் விழுந்து இறந்தார். மகனோடு மேலே நடந்த தந்தையும் சரிந்தார். தாயின் உடலைக் கண்ட காவலர்கள், அவருடைய கேமராவில் இருந்த படங்களைப் பார்த்தே இன்னும் இருவர் உள்ளே இருக்கிறார்கள் என்று அறிந்தார்கள். தேடிப் போனபோது இறந்த தந்தையின் அருகில் பையன் உயிரோடு இருந்தான். தாங்கள் ஒரு மிடறு குடித்தால் அவனுக்கு இரண்டு மிடறு என்று பெற்றோர் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதுவும் அவன் சிறிய உடலும்தான் அவனைக் காப்பாற்றின என்று அன்று அதிகாரிகள் சொன்னார்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. இரவில் உறைநிலைக்குக் கீழே போகும், பகல் இதமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் காற்று கடுமை. முகத்தில் மணல் அறையும். கோடையில் போக நேர்ந்தால் காலையும் மாலையும் மட்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பூங்கா ரேஞ்சர் ஒருவர் பயணிகளைக் கூட்டிக்கொண்டு நடப்பதுண்டு, அதைத் தவறவிடக் கூடாது. சாய்ந்த வெயிலில் மேடுகளின் ஒரு பக்கம் ரோஜா நிறமும் மறுபக்கம் நீலமும் ஏறும்போது பக்கத்தில் ஒருவர் இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவது பெரிய பேறு.

இங்கிருந்து ஒரு பிடி மணலைக்கூட எடுத்துப் போகக் கூடாது. சட்டப்படி குற்றம். அந்தக் கண்டிப்பு சரி. ஆனால் மணலைப் பிடித்து வைத்திருக்கும் நிலத்தடி நீர் பூங்காவின் எல்லைக்குள் மட்டும் இல்லை; அது துலரோசா பள்ளம் முழுவதுக்கும் பொது. அலமகோர்டோவுக்கும் பக்கத்து விமானப்படைத் தளத்துக்கும் தோட்டங்களுக்கும் நீர் வேண்டும். உவர்ப்பான நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் தேசிய ஆய்வுக்கூடம் ஒன்றும் 2007 முதல் அலமகோர்டோவில் இயங்குகிறது. மலையில் பெய்யும் பனியும் மழையும் குறைந்து, உறிஞ்சுவது கூடினால், மேடுகளின் அடிவாரம் காயும். காய்ந்த ஜிப்சத்தைக் காற்று விட்டுவைக்காது. அந்தச் சேற்றுத் தடங்களுக்கும் அதே கதிதான். பூங்காவில் நிலத்தடி நீர்மட்டத்தைக் கிணறுகளில் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். மாலை நடையில் ரேஞ்சரிடம் கேள்வி கேட்க வாய்ப்பு கிடைத்தால், நரியைப் பற்றிக் கேட்பதோடு, இந்த ஆண்டு நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் கேளுங்கள்.